பால் சேர்க்காத ஃப்ரூட் சாலட்: வாசகர் கேள்விகள்

கேள்வி: மகளுக்குப் பால் அலர்ஜி. தேங்காய்ப்பாலில் கஸ்டர்ட் காய்ச்சி ஃப்ரூட் சாலட் செய்தேன். கொதி வந்ததும் திரிந்து, எண்ணெய் மிதந்துவிட்டது. ஏன்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: முதல் பாலைக் கொதிக்கவிட்டிருப்பீர்கள். தேங்காய்ப்பாலில் கொழுப்பு தனியே பிரியாமல் பிடித்து வைத்திருப்பது அதிலுள்ள கொஞ்சம் புரதம்தான். கொதித்தால் அது திரண்டுவிடும், கொழுப்பு மேலே வந்துவிடும். திருநெல்வேலி சொதியில் முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, நுரை கட்டும்போதே இறக்கிவிடுகிறோமே, அதே கணக்குதான்.

ஒரு நடுத்தரத் தேங்காயைத் துருவி, முக்கால் கப் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைத்து முதல் பாலைத் தனியே வையுங்கள். சக்கையில் 2 கப் தண்ணீர் விட்டு இரண்டாம் பால் எடுங்கள். வெந்நீரில் அரை மணி நேரம் ஊறிய 15 முந்திரியை விரலில் தேய்த்தால் நறநறக்காத அளவுக்கு அரையுங்கள். (முந்திரியும் ஒத்துக்கொள்ளாதென்றால் விட்டுவிட்டு, கஸ்டர்ட் பவுடரை அரை ஸ்பூன் கூட்டுங்கள்.)

ஆறிய இரண்டாம் பால் கால் கப்பில் 3 டேபிள்ஸ்பூன் கஸ்டர்ட் பவுடரைக் கரையுங்கள். சூடான பாலில் கரைத்தால் கட்டி தட்டும். மீதிப் பாலை 5 டேபிள்ஸ்பூன் சர்க்கரை, சிட்டிகை உப்பு, முந்திரி விழுதோடு அடிகனமான பாத்திரத்தில் சிறுதீயில் வையுங்கள். ஆவி பறக்கும்போது கரைசலை ஊற்றிக் கைவிடாமல் கிளறுங்கள். குமிழ் விட்ட பிறகும் 2 நிமிடம் வேகட்டும், இல்லையென்றால் மாவு வாடை போகாது. கரண்டியின் பின்பக்கத்தில் விரலால் கோடு இழுத்துப் பாருங்கள், கோடு மூடாமல் நிற்க வேண்டும். இறக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகே முதல் பாலைக் கலக்குங்கள். ஆறும்வரை அவ்வப்போது கிளறினால் ஆடை கட்டாது. ஃப்ரிட்ஜில் 2 மணி நேரம் போதும். வைத்திருந்து சாப்பிட வேண்டாம், தேங்காய்ப்பால் சீக்கிரம் புளிக்கும். அன்றைக்கே தீர்த்துவிடுங்கள்.

கேள்வி: பழம் கலந்து ஒரு மணி நேரத்தில் தண்ணீர் விட்டுக்கொள்கிறது. கெட்டியாகவே இருக்க என்ன செய்வது?
– வாசகர், ஈரோடு

பதில்: பழத்தின் மேல் சர்க்கரை தூவினால் அது பழத்திலிருந்து தண்ணீரை இழுத்துவிடும். இனிப்பு முழுவதும் கஸ்டர்டிலேயே இருக்கட்டும். கழுவிய திராட்சையையும் ஆப்பிளையும் துணியில் ஈரம் போகத் துடைத்துவிட்டு நறுக்குங்கள். தர்பூசணி வேண்டவே வேண்டாம். பரிமாறும் நேரத்தில், நன்றாகக் குளிர்ந்த கஸ்டர்டில் 3 கப் பழம் சேருங்கள். வாழைப்பழம் கறுக்காமல் இருக்க, நறுக்கியதும் சில சொட்டு எலுமிச்சைச் சாறு போதும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. ருசி பார்த்த ஸ்பூனை மறுபடி உள்ளே விடாதீர்கள். எச்சிலில் உள்ள என்சைம் மாவுச்சத்தை உடைத்து, மொத்தத்தையும் நீர்க்கவைத்துவிடும்.

அன்னாசி பிடிக்குமென்றால் துண்டுகளைக் கொஞ்சம் சர்க்கரைப் பாகில் 5 நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, வடித்துச் சேருங்கள். பச்சை அன்னாசியில் புரதத்தைச் சிதைக்கும் என்சைம் உண்டு, கொதித்தால் அது அடங்கும்.

கேள்வி: பாக்கெட் தேங்காய்ப்பால் பவுடர் பயன்படுத்தலாமா?
– வாசகி, மதுரை

பதில்: பால் அலர்ஜி உள்ளவர்களுக்கென்றால், பின்பக்கம் படிக்காமல் வாங்காதீர்கள். சில பவுடர்களில் 'சோடியம் கேசினேட்' சேர்ப்பதுண்டு. அது பாலிலிருந்து எடுக்கும் புரதம். கஸ்டர்ட் பவுடர் பெரும்பாலும் சோளமாவு, நிறம், வெனிலா வாசனைதான். இருந்தாலும் அதன் அட்டையையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.