சைகஸ் கொட்டையில் மாவு அரைக்கலாமா?

கேள்வி: கோழிக்கோட்டுத் தோழி வீட்டில் ஈந்தங்காய் மாவில் செய்த பிடி (மாவு உருண்டை) சாப்பிட்டேன், அப்படி ஒரு ருசி! எங்கள் அபார்ட்மென்ட் வாசலில் அழகுக்கு வைத்திருக்கும், பனை மாதிரியான சைகஸும் அதே இனம்தானாமே? அதில் இப்போது சிவப்புச் சிவப்பாகக் கொட்டைகள் இருக்கின்றன. ஊறவைத்து அரைத்துப் பார்க்கலாமா?
– ஒரு வாசகி, கோவை

பதில்: வேண்டாங்க. இரண்டும் சைகஸ் பேரினம்தான், விஷமும் ஒன்றுதான். இரண்டிலும் இருப்பது சைகாசின். நம் குடலில் உள்ள பாக்டீரியா அதை உடைக்கும்போதுதான் நஞ்சு வெளியே வருகிறது, அடி வாங்குவது கல்லீரல். மரவள்ளிக்கிழங்கு மாதிரி வேகவைத்து நீரை வடித்துவிட்டால் தீர்ந்தது என்று நினைத்துவிடாதீர்கள்.

சைகாசின் தண்ணீரில் கரையும், அதுதான் இதில் சூட்சுமம். மலபாரில் காயை இரண்டாகப் பிளந்து வெயிலில் காயவைத்து, ஓட்டைக் கழற்றி, பருப்பை ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்து, திரும்பவும் காயவைத்து இடிப்பார்கள். ஆஸ்திரேலியப் பழங்குடியினர் இதே குடும்பத்துக் கொட்டைகளை உடைத்து, பையில் கட்டி, ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் போட்டு வைத்தார்கள். 1770இல் ஆங்கிலேயக் கடலோடி கேப்டன் குக்கின் ஆட்கள் அங்கே அடுப்பருகே கிடந்த கொட்டை ஓடுகளைப் பார்த்து, ‘ஓ, இதைத் தின்கிறார்கள்’ என்று அப்படியே தின்றுவிட்டு வாந்தியும் பேதியுமாகக் கிடந்தார்கள். கப்பலில் இருந்த பன்றிகளுக்கும் போட்டார்கள், இரண்டு செத்தே போயின. ஓடு கண்ணில் பட்டது, தண்ணீரில் கிடந்த நாட்கள் படவில்லை.

சரி, எத்தனை நாள் ஊறவைப்பது என்று கேட்பீர்கள். துண்டு எவ்வளவு பெரியது, தண்ணீர் ஓடுகிறதா தேங்கியிருக்கிறதா என்பதைப் பொறுத்து அது மாறும், போதுமான அளவு ஊறிவிட்டதா என்று நாக்கும் மூக்கும் சொல்லாது. உங்கள் வாசலில் நிற்பது பெரும்பாலும் ஜப்பான் சைகஸாக இருக்கும். அதைத் தலைமுறைகளாகத் தின்று பழகிய ஜப்பானின் ஒகினாவாத் தீவுகளிலேயே, 1920களில் சர்க்கரை விலை விழுந்து பஞ்சம் வந்தபோது, சரியாகப் பக்குவப்படுத்தாமல் சாப்பிட்டுச் செத்தவர்கள் உண்டு. அந்தக் காலத்துக்கே ‘சைகஸ் நரகம்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

பிடி ஆசைக்கு அரிசி மாவு இருக்கிறது, கேரளத்தில் பல வீடுகளில் அதில்தான் பிடிக்கிறார்கள். அப்புறம், அபார்ட்மென்டில் நாய் வளர்ப்பவர்கள் இருந்தால் கொட்டைகள் உதிரும் முன் பறித்துவிடச் சொல்லுங்கள். ஒன்றிரண்டைக் கடித்தாலே நாய் செத்துப்போகலாம். குழந்தை வாயில் போட்டுவிட்டால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல், கொட்டையையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.