பெயரை மறைத்தவன், பெயரைக் கூவியவன்

கேள்வி: பண்டைய கிரேக்கக் கவி ஹோமரின் ‘ஒடிசி’ காவிய நாயகன் ஒடிசியஸை வீரன் என்பதா, வஞ்சகன் என்பதா?
– வாசகர், மயிலாப்பூர், சென்னை

பதில்: வீரன் என்றே சொல்வேன்; அவனுக்கு வாளைவிடச் சொல்லே கூர்மையான ஆயுதம். ‘ஒடிசி’யின் 9-ஆம் காண்டத்தில், ஒற்றைக்கண் அரக்கன் பாலிபீமஸின் குகையில் அடைபட்டபோது, தன் பெயர் ‘யாருமில்லை’ என்று சொல்லி, மது கொடுத்து மயக்கி, நெருப்பில் காய்ச்சிய ஒலிவமரக் கழியால் அவன் கண்ணைக் குத்துகிறான். “என்னைக் கொல்வது யாருமில்லை” என்று அரக்கன் அலற, உதவிக்கு வந்தவர்கள் திரும்பிப் போய்விடுகிறார்கள். ஆட்டுக்கடாவின் அடிவயிற்றைப் பற்றித் தப்பியவன், கப்பல் விலகியதும் தன் உண்மைப் பெயரையும் தந்தை பெயரையும் ஊரையும் கூவிச் சொல்கிறான். எத்தனை முறை படித்தாலும் அந்த இடத்தில் என் மனம் பதறும். அந்தப் பெருமிதமே, அரக்கனின் தந்தையான கடல்தெய்வம் போஸைடனின் சினத்தை அவன்மீது திருப்புகிறது. தோழர் அனைவரையும் இழந்து, டிராய்ப் போருக்குப் புறப்பட்ட 20-ஆம் ஆண்டில் தனியனாகத் தன் ஊரான இதாகா திரும்புகிறான்.