ஃபுல்லரீன் படிக்க ஆசைப்படும் மகளை எதில் சேர்ப்பது?

வணக்கம் அம்மா,

பிளஸ் டூ படிக்கும் மகள் "ஃபுல்லரீன் வைத்து மருந்து கண்டுபிடிக்கிற படிப்புதான் படிப்பேன்" என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள், உறவினர் ஒருவர் பி.டெக். நானோடெக்னாலஜியில் சேர்க்கச் சொல்கிறார், உங்கள் கணவருக்கு பி.எஸ்சி. என்றாலே வேலை கிடைக்காதே என்ற பயம் என்று எழுதியிருந்தீர்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேதியியலில் சேருங்கள். நானோடெக்னாலஜி என்று பெயர் போட்ட இளநிலைப் பட்டம் வேண்டாம். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பது புரிய, அவள் ஆசைப்படும் அந்த மூலக்கூறைப் பற்றி நீங்களும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஃபுல்லரீன்களில் பிரபலமானது சி60, அதாவது 60 கார்பன் அணுக்கள் சேர்ந்த கூண்டு. 12 ஐங்கோணம், 20 அறுகோணம். பார்க்கக் கால்பந்து மாதிரியே இருக்கும். 1985-இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் க்ரோட்டோ, கர்ல், ஸ்மாலி ஆகிய மூவரும் தங்கள் மாணவர்களோடு சேர்ந்து கண்டுபிடித்தார்கள். 1996-இல் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. 1990-இல் கிராட்ச்மர், ஹஃப்மன் குழு கிராஃபைட் கம்பிகளை மின்சாரத்தால் ஆவியாக்கி, படியும் கரியிலிருந்து இதைக் கிராம் கணக்கில் பிரித்தெடுக்க வழி காட்டியது. வேதியியலாளர்கள் கையில் இந்தப் பொருள் உண்மையில் வந்தது அப்போதுதான்.

வந்ததும் ஒரு பெரிய சிக்கல். சி60 தண்ணீரில் கரையவே கரையாது. டொலுவீன் என்ற கரிமக் கரைப்பானில் கரையும், அழகான ஊதா நிறம் வரும். ஆனால் டொலுவீனை யார் உடம்பில் ஏற்றுவது? உடம்புக்குள் போக வேண்டுமென்றால் கூண்டின் மேல் தண்ணீருக்குப் பிடித்த ஏதாவது ஒன்றை ஒட்டவைக்க வேண்டும். அந்த ஒட்டவைக்கிற வேலைதான் உங்கள் மகள் படித்துவிட்டு வந்து சொல்லும் 'மாற்றியமைத்த ஃபுல்லரீன்'. நல்லவேளையாக, கூண்டில் 30 இரட்டைப் பிணைப்புகள் இருக்கின்றன. அவை எலக்ட்ரானுக்கு ஏங்குபவை. ஒரு சி60 மூலக்கூறு ஆறு எலக்ட்ரான் வரை வாங்கிக்கொள்ளும், திருப்பியும் கொடுக்கும். அதனால் எலக்ட்ரான் நிறைந்த துணுக்கு எது வந்தாலும் பற்றிக்கொள்கிறது. 1993-இல் வெளிவந்த பிராட்டோ வினை, பிங்கல் வினை என்ற இரண்டு ஒட்டவைக்கும் முறைகளும் இந்தக் குணத்தை வைத்துச் செய்பவைதான்.

பிராட்டோ வினையை ஆய்வகத்தில் செய்வதைப் பார்த்தால் இந்த வேலை எப்படிப்பட்டது என்று விளங்கும். ஊதா நிற டொலுவீன் கரைசலில் சார்கோசின் என்ற எளிய அமினோ அமிலத்தையும் பாராஃபார்மால்டிஹைடையும் போட்டுக் கொதிக்கவிடுவார்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஊதா மங்கிப் பழுப்பு ஏறும். அப்புறம் சிலிக்கா நிரப்பிய கண்ணாடிக் குழாயில் ஊற்றி இறக்க வேண்டும். வினைபுரியாத சி60 முதலில் ஊதாப் பட்டையாக இறங்கும். அதற்குப் பின்னால் வரும் பழுப்புப் பட்டைதான் வேண்டிய பொருள். இரண்டு மூன்று துணுக்குகள் ஒட்டியவை மேலேயே தங்கிவிடும். எங்கே ஒரு குடுவையை எடுத்துவிட்டு அடுத்ததை வைப்பது என்பது கைப்பழக்கத்தில்தான் வரும். கடைசியில், மூலக்கூறில் அணுக்கள் எப்படி அமைந்திருக்கின்றன என்று காந்தப்புலத்தை வைத்துக் காட்டும் என்.எம்.ஆர். சோதனை எடுத்துப் பார்ப்பார்கள். சுத்தமான சி60-க்குக் கார்பன் என்.எம்.ஆரில் ஒரே ஒரு கோடுதான், ஏனென்றால் 60 அணுக்களும் அச்சு அசலாக ஒன்றுபோல இருப்பவை. ஒரே ஒரு துணுக்கு ஒட்டினால் போதும், அந்த ஒற்றைக் கோடு பல கோடுகளாகச் சிதறிவிடும். அதைப் பார்த்து எங்கே என்ன ஒட்டியிருக்கிறது என்று படிக்கத் தெரிந்தவர்தான் வேதியியலாளர். இது பி.எஸ்சி., எம்.எஸ்சி. வேதியியலில் முறையாகக் கற்றுத்தரும் விஷயம்.

சரி, மருத்துவத்துக்கு வருவோம். 1993-இல் ஒரு குழு, எச்.ஐ.வி. கிருமியின் புரோட்டியேஸ் நொதியில் தண்ணீரை ஒதுக்கும் ஒரு குழி இருப்பதையும், சி60-இன் அளவு அதற்குள் கச்சிதமாகப் பொருந்துவதையும் கணக்கிட்டு, தண்ணீரில் கரையும் ஒரு ஃபுல்லரீன் அந்த நொதியைத் தடுப்பதைச் சோதனையிலும் காட்டியது. 1997-இல் மலோனிக் அமிலத் துணுக்குகள் மூன்றை ஒட்டிய ஃபுல்லரீன், நரம்பு செல்களைக் கெடுக்கும் தனி உறுப்புகளை (ஃப்ரீ ராடிகல் என்னும், எதோடும் சட்டென வினைபுரியும் துகள்களை) வாரிக்கொள்வதைக் கண்டார்கள். ஏ.எல்.எஸ். என்ற நரம்புச் சிதைவு நோய் வரும்படி உருவாக்கிய எலிகளுக்குக் கொடுத்தபோது நோய் தொடங்குவதும் தள்ளிப்போனது. கேடோலினியம் அயனியைக் கூண்டுக்குள் பூட்டிவைத்து எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குப் பயன்படுத்தும் ஆய்வும் இருக்கிறது. உடம்பில் கசிந்தால் கேடு செய்யும் உலோகம் வெளியே வர வழியில்லாமல் போகிறது என்பதுதான் அதன் சிறப்பு. இவற்றைப் படித்துத்தான் உங்கள் மகளுக்கு ஆசை வந்திருக்கிறது. அந்த ஆசையில் எந்தத் தவறும் இல்லை, அம்மா.

ஆனால் அவளிடம் சேர்த்துச் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. இத்தனை வருடத்தில் ஃபுல்லரீன் மருந்து ஒன்றுகூட மருந்துக்கடைக்கு வரவில்லை. காரணங்கள் பெரும்பாலும் வேதியியலுக்குள்தான் இருக்கின்றன. ஒரே மாதிரித் துணுக்கு இரண்டை ஒட்டினால், இடத்தைப் பொறுத்து எட்டு வகை வரலாம். ஹைட்ராக்சில் ஒட்டிய ஃபுல்லரீனாலில் ஒரு மூலக்கூறில் எத்தனை ஒட்டியிருக்கிறது என்பதே ஒன்றுக்கொன்று மாறும். மருந்து என்றால் ஒவ்வொரு தொகுதியிலும் அதே பொருள் வர வேண்டும். கலவையை வைத்துக்கொண்டு ஒப்புதல் வாங்குவது பெரும்பாடு. அதைவிடப் பெரிய விஷயம், இதே மூலக்கூறு இருட்டில் தனி உறுப்புகளை அடக்கும்; வெளிச்சம் பட்டால், வாங்கிய ஆற்றலை ஏறக்குறைய முழுக்க ஆக்சிஜனுக்குக் கொடுத்து, செல்லைக் கொல்லும் வடிவமாக அதை மாற்றிவிடும். புற்றுநோய் கட்டியின் மேல் ஒளி பாய்ச்சும் சிகிச்சைக்கு இந்தக் குணம் வரம். அங்கேயும், உடம்பில் ஆழமாக ஊடுருவுவது சிவப்பு ஒளி, சி60 நன்றாக உறிஞ்சுவதோ நீலத்தையும் புற ஊதாவையும். இந்த இடைவெளியை நிரப்ப, ஒளியை வாங்கித்தரும் சாயமூலக்கூறுகளை மேலே ஒட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஆலிவ் எண்ணெயில் சி60 கலந்து, ஆயுளைக் கூட்டும் என்று ஆன்லைனில் விற்கிறார்கள். 2020-இல் வந்த எலி ஆய்வில் ஆயுள் கூடவில்லை. வெளிச்சம் பட்ட எண்ணெய் நஞ்சாகவும் இருந்தது. மகளின் ஆர்வத்தைப் பார்த்து வீட்டில் யாரும் அதை வாங்கிவிடாதீர்கள்.

இப்போது படிப்பு. மேலே சொன்ன சிக்கல் ஒவ்வொன்றையும் தீர்க்கக் கரிம வேதியியல், பகுப்பாய்வு, ஒளிவேதியியல், உயிர்வேதியியல் தெரிய வேண்டும். நானோ என்று பெயர் போட்ட நாலு வருடப் பட்டத்தில் எல்லாவற்றையும் மேலோட்டமாகத் தொட்டுவிட்டுப் போவதுதான் பெரும்பாலும் நடக்கிறது என்பது என் கணிப்பு. நானோவை எம்.எஸ்சி.க்குப் பிறகு, ஆய்வில் கற்றுக்கொள்ளலாம்; அடித்தளத்தை அப்போது போய்க் கட்டுவது கடினம். இன்னொன்று, மாற்றியமைத்த ஃபுல்லரீன்களில் அதிகம் புழங்கியது மருந்தே இல்லை, சூரிய மின்கலங்களில் போடும் பி.சி.பி.எம். அதையும் வேறு மூலக்கூறுகள் இப்போது பல இடங்களில் ஓரங்கட்டிவிட்டன. ஒரு மூலக்கூறை நம்பிப் பட்டம் எடுக்கக் கூடாது. அதைச் செய்யவும் பிரிக்கவும் சோதிக்கவும் தெரிந்தவருக்கு அடுத்த மூலக்கூறு வந்தாலும் வேலை இருக்கும்.

வழிகளைச் சொல்கிறேன். ஐசர் என்ற மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களில் ஐந்தாண்டு பி.எஸ்.-எம்.எஸ். படிப்பு இருக்கிறது, அதற்கு ஐ.ஏ.டி. என்ற தனித் தேர்வு. உங்களுக்குப் பக்கத்தில் திருவனந்தபுரமும் திருப்பதியும். அது கிடைக்காவிட்டால் பதற வேண்டாம். நல்ல தன்னாட்சிக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் சேர்ந்து, மூன்றாம் வருடம் ஜாம் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. போகலாம். கணிதத்தை மட்டும் விட்டுவிடச் சொல்லாதீர்கள்.

கணவரின் கவலைக்கும் பதில் இருக்கிறது. எம்.எஸ்சி.யோடு நிறுத்தினாலும், சேர்மத்தை உருவாக்கவும் ஹெச்.பி.எல்.சி. (கலவையைப் பிரித்து அளக்கும் கருவி), என்.எம்.ஆர். முடிவுகளைப் படிக்கவும் தெரிந்தவர்களை ஹைதராபாத், பெங்களூரு மருந்து ஆராய்ச்சி நிறுவனங்கள் எடுக்கின்றன. ஆரம்பச் சம்பளம் சாஃப்ட்வேரோடு போட்டி போடாது. அதை மறைத்து உங்களுக்கு நம்பிக்கை கொடுக்க நான் விரும்பவில்லை. ஃபுல்லரீன் ஆய்வேதான் வேண்டுமென்றால் பிஎச்.டி. வரை போக வேண்டும். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை எடுத்தால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000. அந்தப் படிப்புக்கு நீங்கள் பணம் கட்ட வேண்டியதில்லை.

"முடிக்கும்போது 28 ஆகிவிடுமே, கல்யாணம்?" என்று கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். உங்கள் தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த வயதுக்குள் அவள் தன் செலவை ஐந்தாறு வருடமாகத் தானே பார்த்துக்கொண்டிருப்பாள். கல்யாணப் பேச்சுக்காகப் படிப்பைச் சுருக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கல்லூரி பார்க்கப் போகும்போது கட்டடத்தைவிட ஆய்வகத்தைப் பாருங்கள். கடைசி வருடம் மாணவர்கள் தாங்களே புராஜெக்ட் செய்கிறார்களா, காசு கொடுத்து வெளியே வாங்குகிறார்களா என்று இரண்டாம், மூன்றாம் வருட மாணவிகளிடம் தனியாகக் கேட்கச் சொல்லுங்கள். அறிவியல் கழகங்கள் நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்கு அந்தத் துறையிலிருந்து யாராவது போயிருக்கிறார்களா என்றும் விசாரியுங்கள். இரண்டு மூன்று கல்லூரிகளை முடிவு செய்ததும் பெயர்களை எனக்கு அனுப்புங்கள், அவற்றின் பாடத்திட்டத்தைச் சேர்ந்து பார்த்துவிடலாம்.