லாரன்ஸுக்கு அரபுகள் நன்றி சொல்ல வேண்டுமா?

கேள்வி: சிதறிக் கிடந்த அரபுக் குலங்களைத் திரட்டித் துருக்கியரிடமிருந்து விடுதலை வாங்கிக் கொடுத்த டி.இ. லாரன்ஸை ஏகாதிபத்தியத்தின் ஒற்றர் என்று சிலர் எழுதுவது நன்றிகெட்ட செயல் அல்லவா?

பதில்: முதல் உலகப் போரின் நடுவே, மெக்காவின் ஆட்சியாளர் ஷரீஃப் ஹுசைன் துருக்கியருக்கு எதிரான கிளர்ச்சியைத் தொடங்கியது 1916 ஜூனில். கெய்ரோவில் பிரிட்டிஷ் ராணுவ உளவுப் பிரிவில் பணியாற்றிய லாரன்ஸ், மெக்கா அமைந்துள்ள ஹிஜாஸ் பகுதிக்கு வந்து, ஹுசைனின் மகன் ஃபைசலைச் சந்தித்ததோ அக்டோபரில். அவரை அரபுகளைத் திரட்டியவர் என்பது, பந்தி பாதி முடிந்தபின் வந்தவரைச் சமையற்காரர் என்பது போலிருக்கிறது. 1917 ஜூலையில் அகபா துறைமுகம் வீழ்ந்ததில் அவருடைய துணிச்சலுக்குப் பங்கு உண்டு. ஆனால் அங்கே போரிட்ட வீரர்களை முன்னின்று நடத்தியவர் ஹுவைதாத் குலத் தலைவர் அவுதா அபூ தாயி. 1918 அக்டோபர் 1 அன்று டமாஸ்கஸில் லாரன்ஸுக்கு முன்பே ஆஸ்திரேலியக் குதிரைப்படை நுழைந்துவிட்டது.

அவரை இழிவுபடுத்துகிறார்கள் என்று வருந்தும் நீங்கள், ‘ஞானத்தின் ஏழு தூண்கள்’ நூலில் அவர் தம்மைப் பற்றியே எழுதியிருப்பதைப் படித்ததில்லை போலும். ஹுசைனுக்கு விடுதலை வாக்குறுதி அளித்த பிரிட்டன், 1916 மே மாதமே சைக்ஸ்-பிக்கோ ஒப்பந்தத்தின் வழியே பிரான்சுடன் சேர்ந்து அந்த நிலத்தைப் பங்குபோட்டிருந்தது. போரில் வென்றால் அந்த வாக்குறுதிகள் வெற்றுக் காகிதமாகிவிடும் என்பது தமக்குத் தெரியும் என்றும், தாம் நேர்மையான ஆலோசகராக இருந்திருந்தால் இதற்காக உயிரைப் பணயம் வைக்காமல் வீடு திரும்புமாறு அரபுகளிடம் சொல்லியிருக்க வேண்டும் என்றும் லாரன்ஸே எழுதினார். எந்த எதிரியும் அவர்மீது இதைவிடக் கடுமையான குற்றச்சாட்டை எழுப்பியதில்லை. அந்த எழுத்தாளரிடம் எனக்கு மதிப்பு உண்டு.

1922-இல் அவர் ராஸ் என்ற பொய்ப்பெயரில் விமானப்படையில் கடைநிலைச் சிப்பாயாகச் சேர்ந்ததற்கு இந்தக் குற்றவுணர்வே காரணம் என்பார்கள். அதை நான் முழுதாக ஏற்கவில்லை. ஏனெனில், 1920-இல் பிரெஞ்சுப் படையால் டமாஸ்கஸிலிருந்து விரட்டப்பட்ட ஃபைசலுக்கு, மறு ஆண்டு சர்ச்சிலின் ஆலோசகராக இருந்து ஈராக்கின் அரியணையைப் பெற்றுத் தந்ததோடு பிரிட்டனின் வாக்கு நிறைவேறிவிட்டது என்று அவர் உண்மையிலேயே நம்பினார். அந்த அரியணையோ பிரிட்டனின் பொறுப்பாட்சிக்கு (போருக்குப்பின் சர்வதேச சங்கத்தின் பெயரால் நடந்த ‘மேண்டேட்’ நிர்வாகத்துக்கு) கீழே இருந்தது. பாலஸ்தீனமும் பிரிட்டனிடமே சிக்கியது. சிரியாவிலிருந்து கடைசிப் பிரெஞ்சுப் படை வெளியேறியது 1946 ஏப்ரலில். அப்போது லாரன்ஸ் இறந்து ஏறக்குறைய 11 ஆண்டுகள் ஆகியிருந்தன.