முகத்தில் பச்சை அடிக்கிறதே: படக் கேள்விகளும் பதில்களும்

வந்த கேள்விகளில் பாதி லென்ஸைப் பற்றி. ஆளை எங்கே நிறுத்துவது என்று கேட்டவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

மன்னார்குடி பக்கம் வயலில் நிச்சயம் முடிந்த ஜோடியைப் படம் எடுத்தேன். முகம் மஞ்சள்காமாலை வந்த மாதிரி பச்சையாகத் தெரிகிறது. கேமரா கோளாறா?

கேமரா பாவம், கோளாறு வயலில் இருக்கிறது. மேட்டூரில் தண்ணீர் விட்டு, நடவு முடிந்து, குறுவை தழைத்து நிற்கும்போது தரையே ஒரு பச்சை விளக்கு. உச்சி வெயில் பயிரில் பட்டு மேலே தெறிக்கிறது. மூக்குக்கும் தாடைக்கும் அடியில் நிழல் விழும் இடத்தையெல்லாம் அந்தப் பச்சை நிரப்பிவிடும்.

ஜோடியை வரப்பு நடுவில் நிறுத்தாதீர்கள். மண்பாதையில் நிறுத்தி, வயலைப் பின்னணிக்குத் தள்ளுங்கள். காலடியில் காய்ந்த மண் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. வரப்பில்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், கூட வந்தவரிடம் ஒரு வெள்ளை வேட்டியை மடித்துக் கொடுத்து, அவர்கள் இடுப்புக்குக் கீழே, படத்தில் விழாமல் விரித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். தெர்மோகோல் அட்டையும் நல்லதுதான், ஆனால் திறந்த வயலில் காற்று அதைப் பக்கத்து ஊருக்கே கொண்டுபோய்விடும்.

இல்லையென்றால் மாலை வெயில் சாயும்வரை பொறுங்கள். நம் பக்கம் மலை கிடையாது, மறைப்பு கிடையாது. சூரியன் அடிவானத்தைத் தொடும்வரை வெளிச்சம் நேராக முகத்துக்கு வரும். எடுத்துவிட்ட படங்களுக்கு, எடிட்டிங்கில் டின்ட் என்ற நிறச்சாயல் அளவை மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு) பக்கம் கொஞ்சம் நகர்த்துங்கள். முகத்தை மட்டும் தேர்ந்தெடுத்துச் செய்யுங்கள், மொத்தப் படத்துக்கும் செய்தால் பயிர் வாடிப்போகும்.

என்னைக் கேட்டால் தை அறுவடை முடிந்த வயல்தான் மேல். வைக்கோலில் பட்டு வரும் இளமஞ்சள் மாநிறத்துக்கு அவ்வளவு பொருந்தும். ஜோடிகள் பச்சைதான் கேட்கிறார்கள், என்ன செய்ய!

கும்பகோணத்தில் பழைய வீடு. அப்பாயியை எடுத்தால் கண் இரண்டும் குழியாகத் தெரிகிறது.

முற்றத்தின் நடுவில் உட்கார வைத்திருப்பீர்கள். அங்கே வெளிச்சம் தலைக்கு மேலிருந்து கொட்டும், புருவ நிழல் கண்ணை மூடிவிடும். கூடத்து ஓரத்தில், ஓட்டுக்குக் கீழே, முற்றத்தைப் பார்த்து உட்கார வையுங்கள். கூரை மேல் வெளிச்சத்தை மறைத்துவிடும், எதிரே இருக்கும் வெளிச்சம் கண்ணுக்குள் போகும். ஃப்ளாஷை அணைத்துவிடுங்கள். முகத்தை மெல்லப் பக்கவாட்டில் திருப்பத் திருப்பச் சுருக்கங்கள் ஆழமாகும். எவ்வளவு வேண்டுமோ அங்கே நிறுத்திக்கொள்ளலாம். சுருக்கம் தெரியக்கூடாது என்று இதுவரை என்னிடம் கேட்டதெல்லாம் பேரன்கள்தான்.

கேமராவைக் கண்டதும் விறைத்துப்போகிறார்கள். கையை என்ன செய்யச் சொல்வது?

“நேரா நில்லுங்க” என்று மட்டும் சொல்லாதீர்கள். உடம்பைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி, பாரத்தைப் பின்காலில் போடச் சொன்னால் தோள் தானாக இறங்கும். கைக்கு ஏதாவது கொடுங்கள்: துண்டு, தாம்பாளம், சைக்கிள் ஹேண்டில்பார். இரட்டைத் தாடை தெரிந்தால் ஆமை மாதிரி முகத்தை ஓர் அங்குலம் முன்னால் நீட்டி, தாடையைச் சற்றுத் தாழ்த்தச் சொல்லுங்கள். பக்கத்திலிருந்து பார்க்க வேடிக்கையாக இருக்கும், படத்தில் தெரியாது.

ஒருமுறை திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு விவசாயியிடம் “சிரிங்க, சிரிங்க” என்று அரைமணி நேரம் மன்றாடினேன். கல்தூண் மாதிரி நின்றார். சலித்துப்போய், “கடைமடைக்குத் தண்ணி வந்துச்சா?” என்று கேட்டேன். மனுஷன் பொரிந்து தள்ளிவிட்டார். அந்தக் கோபப் படத்தைத்தான் அவர் வீட்டில் மாட்டியிருக்கிறார்கள்.

50 மி.மீ. லென்ஸ் வாங்கலாமா, 85 மி.மீ. வாங்கலாமா?

வீட்டுக்குள் எடுப்பதானால் 50. 85-க்குப் பின்னால் நகர இடம் வேண்டும், நம் ரேழிகளில் முதுகு சுவரில் முட்டும்.

தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் விமானம் முழுசாக வந்தால் குடும்பம் எறும்பாகிவிடுகிறது!

குடும்பத்தைக் கொண்டுபோய் விமானத்தின் அடியில் நிறுத்துகிறீர்கள், அதனால்தான். ஏறக்குறைய 200 அடி உயரத்தோடு மனிதர் போட்டிபோட முடியுமா? விமானத்தை விட்டு நன்றாகத் தள்ளி வந்து, அவர்களை உங்களுக்கு ஏழெட்டு அடி முன்னால் நிறுத்தி, இடுப்புக்கு மேல் எடுங்கள். விமானம் தோளுக்குப் பக்கத்தில் வரட்டும், தலையில் முளைக்க வேண்டாம். போனை மேல்நோக்கிச் சாய்த்தால் விமானமும் பின்னால் சாயும். நிமிர்த்திப் பிடித்து, கீழே மிஞ்சும் தரையை அப்புறம் வெட்டிவிடுங்கள். கோயில் கிழக்குப் பார்த்தது, ஆகவே முன்பக்கத்தில் வெயில் விழுவது காலையில். மாலையில் அங்கே நின்றால் சூரியன் விமானத்துக்குப் பின்னால் போய்விடும். ட்ரைபாட் கொண்டுபோவதானால் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிவிடுங்கள்.