ஒரு ஆன்லைன் விற்பனைத் தளம் நன்றாக நடக்கிறதா என்பதை எந்த எண்களை வைத்துச் சொல்வது?

எல்லோரும் முதலில் காட்டுவது ஜிஎம்வி, அதாவது தளத்தில் நடந்த மொத்த விற்பனை மதிப்பு. அதை மட்டும் நம்பாதீர்கள். ரத்தான ஆர்டர், திரும்பி வந்த சரக்கு எதையும் கழிக்காமல் கணக்குக் காட்டுபவர்கள் உண்டு. தள்ளுபடியை அள்ளிக் கொடுத்தால் ஒரே மாதத்தில் அது ஏறிவிடும்.

நான் முதலில் கேட்பது, ஜனவரியில் முதல்முறை வாங்கியவர்களில் எத்தனை பேர் ஏப்ரலில் மறுபடி வாங்கினார்கள் என்பதைத்தான். கைவினைப் பொருட்கள் விற்கும் எட்ஸி இதற்கென்றே ஒரு கணக்கு வைத்திருக்கிறது: கடந்த 12 மாதங்களில் குறைந்தது 6 நாட்கள் வாங்கி, 200 டாலராவது செலவழித்தவர்களைத் தனியாக எண்ணுகிறது. வீடு சுத்தம் செய்ய ஆள் அனுப்பிய அமெரிக்காவின் ஹோம்ஜாய் 2015-இல் மூடப்பட்டது. தொழிலாளர் வழக்குகளும் இருந்தன என்றாலும், தள்ளுபடிக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் திரும்பி வரவில்லை. வேலை பிடித்துப்போனவர்களில் பலர் அதே ஆளைத் தளத்துக்கு வெளியே நேரடியாக வைத்துக்கொண்டார்கள்.

அடுத்தது, தேடி வந்தவருக்குக் கிடைத்ததா? வேளச்சேரியில் ஒருவர் சனிக்கிழமை காலை ஏசி சர்வீஸுக்கு ஆள் கேட்கிறார் என்று வையுங்கள். சென்னையில் ஆயிரம் மெக்கானிக்குகள் பதிவு செய்திருக்கிறார்கள், ஆனால் அந்தப் பக்கம் அன்று ஆப்பைத் திறந்து வைத்திருப்பவர் யாருமில்லை. அரை மணி நேரம் பார்த்துவிட்டு அவர் எதிர்வீட்டில் நம்பர் வாங்கிப் பேசிவிடுவார். ஜிஎம்வியில் இவர் தென்படவே மாட்டார். அதனால் கோரிக்கைகளில் எத்தனை சதவீதம் நிறைவேறின, எவ்வளவு நேரத்தில் என்பதை ஏரியா வாரியாக, சேவை வாரியாகப் பாருங்கள். ஊர் முழுவதற்கும் சராசரி எடுத்தால் வேளச்சேரியின் ஓட்டை மறைந்துவிடும்.

அப்புறம் விற்பவர்கள். மொத்த விற்பனையில் முதல் பத்துப் பேரின் பங்கு எவ்வளவு? அது பாதியைத் தாண்டினால் எனக்குக் கவலை வரும். இரண்டு பேர் போனாலே தளம் ஆடும். கமிஷன் விகிதத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். விற்பனை நகராவிட்டாலும் கமிஷனை உயர்த்தினால் வருமானம் ஏறும். எட்ஸி 2022 ஏப்ரலில் 5 சதவீதத்தை 6.5 ஆக்கியபோது, ஆயிரக்கணக்கான விற்பனையாளர்கள் ஒரு வாரம் கடையை மூடிப் போராடினார்கள்.

தளம் இப்போதுதான் ஆரம்பம் என்றால் இத்தனையும் வேண்டாம். ஒரு ஏரியா, ஒரு சேவை எடுத்துக்கொண்டு, நிறைவேறிய கோரிக்கைகளையும் திரும்பி வந்தவர்களையும் மட்டும் வாராவாரம் எழுதி வையுங்கள்.