லோகோ ஐடியா வரலன்னா சர்ச்கேட் போங்க
ப்ரோ, மும்பை மாட்டுங்கா மெஸ்ஸுக்கு லோகோ போடணும், ரெண்டு வாரமா பின்ட்ரெஸ்ட் பாத்தும் வாழை இலையாவே வருதுன்னு எழுதிருந்தீங்க. முதல்ல அதை மூடிருங்க. வேலை நாள்ல காலைல 11:30 மணி வாக்குல சர்ச்கேட் ஸ்டேஷன் வெளிய போய் நில்லுங்க, வீட்டுச் சாப்பாட்டை ஆபீஸுக்குக் கொண்டு போற டப்பாவாலாங்க கேரியரை இடவாரியாப் பிரிச்சு அடுக்குவாங்க, ஒவ்வொரு மூடிலயும் பெயின்ட்ல கொஞ்சம் எழுத்து, நம்பர், கலர், அவ்ளோதான், அதுலயே எந்த ஸ்டேஷன், எந்த பில்டிங், எந்த மாடின்னு எல்லாம் வந்துரும், 1890லேர்ந்து ஓடுற தொழில் ப்ரோ, இதைவிட நல்ல டிசைன் பாடம் எனக்குத் தெரிஞ்சு இல்ல. போட்டோ எடுக்காதீங்க, பேனாவால வரைங்க, கை மெதுவாப் போனாத்தான் பிரஷ் கோடு எங்க தடிச்சிருக்குன்னு கண்ணுல படும். அப்புறம் அந்த மெஸ்லயே உக்காந்து டவராவோட விளிம்பு, மெனு போர்டு எழுத்துன்னு தினம் ஒரு பக்கம். வரைஞ்சதை இங்க போடுங்க, கண்டிப்பா பாக்கறேன்.